மின்ஹா ஜெபத்தைத் தனியாக, முதன்முறையாகச் சொல்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

யூத மரபில் ஒரு நாளைக்கு மூன்று வேளை ஜெபம் உண்டு. காலையில் ஷஹரித், பிற்பகலில் மின்ஹா, இரவில் மாரிவ். தனியாக வீட்டில் ஒன்றைச் சொல்லிப் பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் காலை ஜெபத்தில்தான் தொடங்குகிறார்கள். அது நீளமானது. தோல்வார் கட்டிய தெஃபிலின் பெட்டிகள், தலித் சால்வை என்று அதற்குத் தனிப் பொருள்களும் வேண்டும். பக்கங்களைப் புரட்டுவதிலேயே பாதி நேரம் போய்விடும். மின்ஹாவிலிருந்து தொடங்குங்கள் என்பதுதான் என் ஆலோசனை. மூன்றில் சிறியது இதுதான். சாதாரண வேலைநாளில் ஒரு ஜெபநூலும் அமைதியான ஒரு மூலையும் இருந்தால் போதும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மின்ஹா வேலை நடுவில் வருகிற ஜெபம். கடையோ அலுவலகமோ சமையலோ, எதையாவது பாதியில் நிறுத்திவிட்டுத்தான் இதற்கு எழுந்து நிற்க வேண்டும். மின்ஹா விஷயத்தில் எப்போதும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது பழைய ரப்பிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத். கர்மேல் மலையில் தீர்க்கதரிசி எலியாவின் வேண்டுதல் கேட்கப்பட்டது இந்த வேளையில்தான் என்று அதற்குக் காரணமும் சொல்கிறது.

யார் சொல்லலாம்?

இதை முதலில் பேசிவிடுவது நல்லது. யூதராகப் பிறந்தும் ஜெபம் பழகாதவர், யூத மதத்துக்கு மாறிக்கொண்டிருப்பவர், ஏற்கெனவே மாறியவர் ஆகியோருக்கு இந்த வழிகாட்டி அப்படியே பொருந்தும். பெண்களுக்கும் ஜெபக் கடமை உண்டு என்று, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா தெளிவாகச் சொல்கிறது. "எங்கள் முன்னோரின் கடவுளே" என்ற வரியை மதம் மாறியவர் சொல்லலாமா என்று ஒபதியா என்பவர் 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிசிடம் கேட்டார். தயங்காமல் சொல்லுங்கள், எந்தச் சொல்லையும் மாற்ற வேண்டாம், ஆபிரகாம் உங்களுக்கும் தந்தைதான் என்று மைமோனிடிஸ் பதில் எழுதினார். முதன்முறை அந்த வரியில் தயங்கி நிற்பவர்கள் இந்தப் பதிலை நினைத்துக்கொள்ளலாம்.

யூதரல்லாதவராக, யூதக் குடும்பத்தில் மணம் முடித்தவராக, அல்லது இந்த மரபின் மேல் மதிப்புக் கொண்டவராக இருந்தால் சங்கீதங்களை வாசிப்பதும் சொந்தச் சொற்களில் வேண்டுவதும் உங்களுக்குத் திறந்தே இருக்கின்றன. ஜெருசலேம் ஆலயத்தைத் திறந்து வைத்த சாலொமோன், தூரதேசத்திலிருந்து வரும் அந்நியரின் வேண்டுதலையும் கேட்டருளும் என்று மன்றாடினார். ஆசிகள் எனப்படும் பத்திகளை நின்றபடி சொல்லும் மைய ஜெபம் அமீதா; அதை வாசித்துக் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தெஃபிலினையும் தலித்தையும் எடுத்து அணிந்து பார்ப்பது வேண்டாம். அவை உடன்படிக்கையின் அடையாளங்கள். யூதர்களிடமே இருக்கட்டும்.

ஜெபநூல்

யூத ஜெபநூலின் பெயர் சித்தூர். 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் அம்ராம் காவோன் தொகுத்ததே நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய முழுமையான சித்தூர். இன்று கடைகளில் கிடைப்பவற்றில் மரபு வேறுபாடுகள் உண்டு. ஐரோப்பிய யூதரின் அஷ்கெனாஸ், ஹசீதியரின் செஃபாரத், மத்தியகிழக்கு யூதரின் எதோத் ஹமிஸ்ரஹ் ஆகியவை பரவலானவை. குடும்பத்திலோ நீங்கள் போகும் ஜெபாலயத்திலோ எது வழக்கமோ அதையே எடுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். ஒரு வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று மாற்றினால் நாக்கில் எதுவும் படியாது.

ஹீப்ரு வாசிக்கத் தெரியவில்லையே என்றால்? அமீதாவை எந்த மொழியிலும் சொல்லலாம் என்று மிஷ்னாவின் சோத்தா பகுதி சொல்கிறது. தனியாகச் சொல்பவர் ஹீப்ருவிலேயே சொல்வது நல்லது என்ற கருத்தும் பிற்காலச் சட்டநூல்களில் இருக்கிறது. என் யோசனை இது: புரியும் மொழியில் முழுவதையும் சொல்லுங்கள், அமீதாவின் முதல் ஆசியை மட்டும் ஹீப்ருவில் பழகுங்கள். ஒலிபெயர்ப்போடு வரும் சித்தூர்கள் இதற்கு உதவும். செஃபாரியா இணையதளத்தில் ஹீப்ரு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் இலவசமாகக் கிடைக்கின்றன.

பழகும்போது ஒரு விஷயம். ஜெபத்துக்கு வெளியே கடவுளின் பெயரை வீணாக உச்சரிப்பதில்லை. ஒத்திகையில் அந்த இடம் வரும்போது "ஹஷெம்" என்று சொல்லிப் பழகுங்கள். உண்மையாக ஜெபிக்கும்போது "அதோனாய்" என்று சொல்லலாம். பெயர் அச்சான தாள்களைக் குப்பையில் போடுவதும் இல்லை. நகலெடுத்த பக்கங்கள் இருந்தால் பத்திரப்படுத்தி ஒரு ஜெபாலயத்தில் ஒப்படைத்துவிடுங்கள். கிழிந்த புனித நூல்களைச் சேர்த்து வைத்துப் புதைக்கும் வழக்கம் அங்கே உண்டு.

நாளும் நேரமும்

ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு சாதாரண நாளைத் தேர்ந்தெடுங்கள். சனிக்கிழமை ஓய்வுநாளான சப்பாத், அன்றைய அமீதா வேறு. வெள்ளிக்கிழமை மின்ஹாவிலும் சில மாற்றங்கள் உண்டு. மாதப் பிறப்பு, பண்டிகை, புத்தாண்டான ரோஷ் ஹஷானா முதல் பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் வரையான பத்து நாள்கள் ஆகியவற்றில் இடைச்செருகல்கள் வரும். முதல் தடவைக்கு அந்தச் சிக்கல் வேண்டாம்.

மின்ஹா நேரத்தைக் கணக்கிடும் முறை எளிதானது. சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரை உள்ள பொழுதைப் பன்னிரண்டாகப் பிரிக்கிறார்கள். அதில் ஒரு பங்கு ஒரு மணி. ஆறரை மணி கழிந்ததும் மின்ஹா நேரம் தொடங்குகிறது. காலை 6க்கு உதித்து மாலை 6க்கு மறையும் நாளில் பிற்பகல் 12.30க்குத் தொடக்கம். 3.30க்கு மேல் சொல்வதைப் பலர் விரும்புவார்கள். சூரியன் மறைவதற்குள் முடித்துவிட வேண்டும். கோடையிலும் குளிர்காலத்திலும் இந்தக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் உங்கள் ஊரின் உதய, அஸ்தமன நேரங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் ஜெபாலயம் இருந்து, போக முடியாத நிலை என்றால் அங்கே ஜெபம் நடக்கும் அதே நேரத்தில் வீட்டில் சொல்லலாம். சபை ஜெபிக்கும் வேளைக்குத் தனி மதிப்பு உண்டு என்கிறது தல்மூத். முதன்முறை தனியாக நிற்பவருக்கு இது பெரிய துணை.

இடமும் திசையும்

சுத்தமான இடம் வேண்டும், நாற்றம் கூடாது, கழிவறை எதிரே இருக்கக் கூடாது. கண்ணாடிக்கு முன்னால் நிற்க வேண்டாம். ஜன்னல் உள்ள அறை விசேஷம், ஏனெனில் தானியேல் பாபிலோனில் ஜெருசலேமை நோக்கித் திறந்த ஜன்னல்களுக்கு முன் தினமும் மூன்று வேளை மண்டியிட்டு ஜெபித்தார். அப்புறம், ஒரே இடத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்று படுக்கையறை, நாளை மொட்டைமாடி என்று அலைய வேண்டாம். ஜெபத்துக்கு நிலையான இடம் வைத்திருப்பவரைத் தல்மூத் உயர்வாகப் பேசுகிறது.

முகம் ஜெருசலேமை நோக்கி இருக்க வேண்டும். சென்னையிலிருந்து அது வடமேற்குப் பக்கம், லண்டனிலிருந்து தென்கிழக்கு. 1568இல் எழுந்த கொச்சி பரதேசி ஜெபாலயத்தில் மோசேயின் ஐந்து நூல்களான தோராவின் சுருள்களை வைக்கும் பேழை மேற்குச் சுவரில் இருப்பதும் இதனால்தான். ரயிலிலோ, திசை தெரியாத விடுதி அறையிலோ இருந்தால் மனதை அந்தப் பக்கம் திருப்பினால் போதும் என்று மிஷ்னா இடம் கொடுக்கிறது.

தொடங்கும் முன்

கழிவறைக்குப் போக வேண்டியிருந்தால் முதலில் போய் வாருங்கள். இதைச் சட்டநூல்களே சொல்கின்றன. வாயில் எதுவும் இருக்கக் கூடாது. கைகளைக் கழுவுங்கள், அதற்கு ஆசி எதுவும் சொல்ல வேண்டாம். மதிப்பான ஒருவரைச் சந்திக்கப் போகும்போது உடுத்துவதைப் போல உடுத்துங்கள். ஆண்கள் தலையை மூடுவது வழக்கம். கிப்பா இல்லாவிட்டால் வேறு தொப்பி போதும். கைபேசியை வேறு அறையில் வையுங்கள். அதில்தான் ஜெபநூல் இருக்கிறது என்றால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

பிறகு சும்மா உட்காருங்கள். பழங்காலத்துப் பக்தர்கள் மனத்தைக் கடவுளிடம் திருப்புவதற்காக ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள் என்கிறது மிஷ்னா. நமக்கு ஐந்து நிமிடம் இருந்தாலும் நல்லது. இந்த ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டால் அமீதாவின் முதல் பாதி முழுவதும் அலுவலக வேலைதான் தலைக்குள் ஓடும்.

அஷ்ரே

ஜெபம் அஷ்ரேயில் தொடங்குகிறது. இதன் உடல் 145ஆம் சங்கீதம். முன்னால் 84, 144ஆம் சங்கீதங்களிலிருந்து இரண்டு வரிகளும் முடிவில் 115ஆம் சங்கீதத்தின் ஒரு வரியும் சேர்ந்திருக்கும். ஹீப்ரு எழுத்துகளின் வரிசையில் அடிகள் தொடங்குவதால் மனப்பாடம் செய்வது எளிது. உட்கார்ந்தே சொல்லலாம். "நீர் உமது கையைத் திறந்து, உயிருள்ள யாவற்றையும் திருப்தியாக்குகிறீர்" என்ற வரியில் மட்டும் நிதானிக்க வேண்டும். அதைக் கவனமில்லாமல் சொல்லிவிட்டால் திரும்பவும் சொல்ல வேண்டும் என்பது விதி. தங்கள் சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படும் எல்லோருக்கும் இது ஏற்ற வரி.

ஜெபாலயத்தில் இதற்குப் பிறகு அரைக் கதீஷ் என்ற சிறு துதி வரும். தனியாக இருக்கும் நீங்கள் அதை விட்டுவிட்டு நேராக அமீதாவுக்குப் போங்கள்.

அமீதா

நின்றுகொண்டு மௌனமாகச் சொல்லும் இந்தப் பகுதிதான் ஜெபத்தின் மையம். "பதினெட்டு" என்ற பொருளில் ஷெமோனே எஸ்ரே என்றும் இதை அழைப்பார்கள். யாவ்னே ஊரில் ரப்பான் கமலியேல் என்ற தலைவரின் காலத்தில் சிறிய சாமுவேல் என்பவர் இன்னோர் ஆசியை அமைத்ததால் இன்று இதில் பத்தொன்பது ஆசிகள் இருக்கின்றன.

எழுந்து ஜெருசலேமை நோக்கி நில்லுங்கள். மூன்று சிறு அடி பின்னால் வந்து மூன்று அடி முன்னால் போங்கள். கால்களைச் சேர்த்து வையுங்கள். எசேக்கியேல் கண்ட காட்சியில் வானவர்களின் கால்கள் ஒரே காலைப் போல நேராக இருந்ததாக வருகிறது, அதை நினைத்தே இப்படி நிற்கிறார்கள். கண்கள் தாழ்ந்திருக்கட்டும். கைகளை மார்பின் மேல், இடக்கை மீது வலக்கையாக வைத்துக்கொள்ளலாம். நூலைப் பிடித்திருந்தால் கையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். உடலை அசைப்பது கட்டாயமில்லை. மனம் நிலைக்க உதவினால் அசையுங்கள், இல்லையென்றால் நேராக நில்லுங்கள்.

51ஆம் சங்கீதத்தின் வரியோடு தொடங்குங்கள்: "ஆண்டவரே, என் உதடுகளைத் திறந்தருளும், என் வாய் உமது புகழை அறிவிக்கும்." ஜெபிக்கப் போகிறவர் ஜெபிப்பதற்கே உதவி கேட்கிற இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது.

குரல் எவ்வளவு? உங்கள் காதுக்குக் கேட்க வேண்டும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கக் கூடாது. பிள்ளை வேண்டி சீலோவில் ஜெபித்த அன்னாளின் உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை. அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியர் ஏலி நினைத்துவிட்டார். அந்தப் பெண் தனியாக நின்று செய்த ஜெபமே இன்றுவரை அமீதாவுக்கு இலக்கணம். தனியாகச் செய்வது குறைப்பட்டதோ என்று யாருக்காவது சந்தேகம் வந்தால் சாமுவேல் முதல் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை எடுத்துப் படிக்கட்டும்.

முதல் ஆசியின் பெயர் அவோத், முன்னோர். ஆபிரகாமின் கடவுள், ஈசாக்கின் கடவுள், யாக்கோபின் கடவுள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே வரும். சில நவீன சித்தூர்களில் சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் பெயர்களும் இருக்கும். மற்ற இடங்களில் மனம் சிதறினாலும் இந்த ஒன்றைப் பொருள் உணர்ந்து சொல்ல வேண்டும் என்று சட்டநூல்கள் வற்புறுத்துகின்றன. அதனால் முதல் தடவைக்குச் சில நாள் முன்பே இதை மட்டும் எடுத்து வாசித்துப் பழகுங்கள்.

குனிவது நான்கே இடங்களில்தான்: இந்த ஆசியின் தொடக்கமும் முடிவும், கடைசிக்கு முந்தைய நன்றி ஆசியான மோதீமின் தொடக்கமும் முடிவும். "பாரூக்" என்னும்போது முழங்கால் மடியும், "அத்தா" என்னும்போது இடுப்பிலிருந்து குனிவீர்கள், கடவுளின் பெயர் வருவதற்குள் நிமிர்ந்திருக்க வேண்டும். மோதீமின் தொடக்கத்தில் மட்டும் முழங்காலை மடிக்காமல் குனிந்தால் போதும். பக்தி மிகுதியால் எல்லா ஆசியிலும் குனியத் தோன்றும், அது வேண்டாம். சாதாரண மனிதருக்கு நான்கு, தலைமை ஆசாரியருக்கு ஒவ்வொரு ஆசியிலும், அரசர் ஒருமுறை குனிந்தால் முடியும்வரை நிமிரக் கூடாது என்கிறது தல்மூத். பதவி உயர உயரப் பணிவும் கூட வேண்டும் என்ற இந்த ஏற்பாட்டை நினைத்துக்கொண்டே குனிந்து பாருங்கள்.

இரண்டாவது ஆசி கடவுளின் வல்லமை பற்றியது: விழுகிறவர்களைத் தாங்குகிறார், நோயாளிகளைக் குணமாக்குகிறார், கட்டுண்டவர்களை விடுவிக்கிறார், மரித்தோரை உயிர்ப்பிக்கிறார். காற்றையும் மழையையும் குறிக்கும் ஒரு வரி ஷெமினி அட்சரெத் பண்டிகையிலிருந்து பஸ்கா வரை இதில் சேரும். மழையை நேராகக் கேட்கும் வரி ஒன்பதாவது ஆசியில் இருக்கிறது. இஸ்ரேலில் ஹெஷ்வான் மாதம் 7ஆம் தேதியிலிருந்தும் வெளிநாடுகளில் டிசம்பர் 4 அல்லது 5 மாலையிலிருந்தும் பஸ்கா வரை அதைச் சொல்கிறார்கள். வெளிநாட்டுக் கணக்கு பழைய பாபிலோனியாவின் மழைக்காலத்தை ஒட்டியது. சென்னையில் வடகிழக்குப் பருவமழை கொட்டி ஓயும் நேரத்தில்தான் இங்குள்ளவர் மழை கேட்கத் தொடங்குவார்! ஊர் வானத்தைப் பார்த்து மாற்ற வேண்டாம். சித்தூரில் உள்ள தேதிப்படியே சொல்லுங்கள்.

மூன்றாவது ஆசி கடவுளின் புனிதம். ஜெபாலயத்தில் இங்கே கெதுஷா என்ற பாடலைச் சபையும் தலைவரும் மாறி மாறிச் சொல்வார்கள். நீங்கள் அதைத் தாண்டி "அத்தா காதோஷ்", அதாவது "நீர் புனிதர்" என்ற சிறிய பத்தியைச் சொன்னால் போதும்.

நடுவில் உள்ள பதின்மூன்றும் வேண்டுதல்கள். அறிவு, மனம் திரும்புதல், மன்னிப்பு, மீட்பு, சுகம், விளைச்சல் என்று தொடங்கி, சிதறியவர்கள் ஒன்றுசேர்வது, நீதி, ஜெருசலேம் என்று விரிந்து, "எங்கள் குரலைக் கேளும்" என்பதில் முடிகின்றன. முதலில் கேட்பது பணத்தை அல்ல, அறிவை. மன்னிப்பு ஆசியில் வலக்கை முட்டியால் இடமார்பை மெல்லத் தட்டும் வழக்கம் உண்டு. எல்லாமே "எங்களுக்கு" என்றுதான் கேட்கப்படுகின்றன. அறையில் ஒருவர் மட்டும் நிற்கும்போதும் அதை "எனக்கு" என்று மாற்றுவதில்லை.

உங்கள் சொந்தக் கவலைகளுக்கும் இடம் இருக்கிறது. நோயாளி ஒருவரை நினைத்தால் சுக ஆசியில் அவர் பெயரையும் தாயின் பெயரையும் சேர்த்துச் சொல்லலாம். மற்ற எதையும் "குரலைக் கேளும்" ஆசியில், அதன் முடிவு வரிக்கு முன் கேட்கலாம். இங்கே தமிழில் பேசுங்கள், தயங்க வேண்டாம். வெறும் வழக்கமாகிப்போன ஜெபம் மன்றாட்டு ஆகாது என்று ரப்பி எலியேசர் மிஷ்னாவில் எச்சரிக்கிறார். அச்சிட்ட சொற்களுக்கு நடுவே உங்கள் சொல்லும் விழ வேண்டும்.

கடைசி மூன்று ஆசிகள் ஆலய வழிபாடு, நன்றி, சமாதானம். சமாதான ஆசி அஷ்கெனாஸ் நூலில் மின்ஹாவுக்கு "ஷாலோம் ராவ்" என்றும் எதோத் ஹமிஸ்ரஹில் "சிம் ஷாலோம்" என்றும் தொடங்கும். இரண்டும் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் மரபுக்கு உரியதை மட்டும் சொல்லுங்கள்.

பத்தொன்பது ஆசிகளும் முடிந்தபின் "என் கடவுளே, தீமை பேசாதபடி என் நாவைக் காத்தருளும்" என்ற தனி மன்றாட்டு வருகிறது. ரவீனாவின் மகன் மார் என்பவர் தன் ஜெபத்தின் முடிவில் சொன்னதாகத் தல்மூதில் இருப்பது இது. இதற்குப் பிறகும் சொந்தமாக எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம்.

வெளியேறுவதற்கும் முறை உண்டு. குனிந்தபடியே இடது காலில் தொடங்கி மூன்று அடி பின்னால் வாருங்கள். இடப்பக்கம், வலப்பக்கம், நேரே என்று குனிந்து "ஓசே ஷாலோம்" வரியைச் சொல்லுங்கள். சில கணங்கள் அங்கேயே நின்றுவிட்டு மூன்று அடி முன்னால் வாருங்கள். உடனே திரும்பி நடக்க வேண்டாம்.

நடுவில் பேசக் கூடாது. அரசரே வணக்கம் சொன்னாலும், காலில் பாம்பு சுற்றினாலும் நிறுத்தக் கூடாது என்கிறது மிஷ்னா. தேள் என்றால் நிறுத்தலாம் என்று தல்மூத் சேர்க்கிறது, ஆகவே உயிருக்கு உண்மையான ஆபத்து வரும்போது விதி விலகி நிற்கும். வாசல் மணி அந்தப் பட்டியலில் வராது. வீட்டில் இருப்பவர்களிடம் முன்பே சொல்லிவைப்பது எளிய வழி.

விட வேண்டியவை, முடிக்க வேண்டியவை

பத்துப் பேர் சேர்ந்த குழு மின்யான். அது இருந்தால் மட்டும் சொல்லக்கூடியவை சில உண்டு: கதீஷ், கெதுஷா, தலைவர் அமீதாவை உரக்கத் திரும்பச் சொல்வது. தனியாக இருக்கும்போது இவற்றை விட்டுவிடுங்கள். இறந்தவரை நினைத்துக் கதீஷ் சொல்வதற்காகவே ஜெபத்துக்கு வந்தவருக்கு இது வலிக்கும். ஆனால் அந்தத் துக்கத்தைத் தனியாகச் சுமக்க விடக் கூடாது என்பதற்காகவே பத்துப் பேர் வேண்டும் என்று வைத்தார்கள் என நான் நம்புகிறேன். கதீஷ் வேண்டுமென்றால் ஒரு சபையைத் தேடிப் போங்கள்.

அமீதாவுக்குப் பிறகு தஹனூன் என்ற மன்றாட்டு. அஷ்கெனாஸ் முறையில் இதில் 6ஆம் சங்கீதம் வரும். ஜெபாலயத்தில் கை மீது தலை சாய்த்துச் சொல்வார்கள், தோரா சுருள் இல்லாத வீட்டில் தலை சாய்க்காமல் உட்கார்ந்து சொல்லலாம். கடைசியாக அலேனு. ரோஷ் ஹஷானா ஜெபத்தில் இருந்து தினசரிக்கு வந்த இதை நின்று சொல்லி, "நாங்கள் மண்டியிட்டு வணங்குகிறோம்" என்ற இடத்தில் குனிய வேண்டும். அத்தோடு மின்ஹா முடிந்தது.

வரி தவறினால், நேரம் போனால்

முதல் தடவை அரை மணி நேரம் பிடிக்கும். பழகியவர்கள் அதில் பாதியில் முடிப்பார்கள். அவர்களோடு போட்டி வேண்டாம். எங்கே நின்றோம் என்று மறந்துவிட்டால், சொன்னது உறுதியாகத் தெரிந்த கடைசி ஆசிக்கு அடுத்ததிலிருந்து தொடருங்கள். நேரம் குறைவாக இருந்தால் அஷ்ரேயையும் தஹனூனையும் விட்டு அமீதாவை மட்டும் நிதானமாகச் சொல்வது மேல். மறதியாலோ தவிர்க்க முடியாத காரணத்தாலோ சூரியன் மறைந்துவிட்டதா? இரவு மாரிவில் அமீதாவை இரண்டு முறை சொல்லி ஈடுசெய்யும் வழி இருக்கிறது. முதல் முறை மாரிவுக்கு, இரண்டாவது விடுபட்ட மின்ஹாவுக்கு.

சில வாரம் சொல்லிப் பழகியபின் ஒரு ஜெபாலயத்தின் வேலைநாள் மின்ஹாவுக்குப் போய்ப் பாருங்கள். மும்பையில் 1864இல் கட்டிய மாகேன் டேவிட், 1884இல் கட்டிய கெனெசெத் எலியாஹூ போன்ற இடங்களில் பாதுகாப்புச் சோதனை உண்டு. முன்கூட்டியே தொடர்புகொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். எந்த நாளில் பத்துப் பேர் சேர்கிறார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மௌன அமீதா வரும்போது எங்கே பின்வாங்குவது, எங்கே குனிவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது. உரக்கச் சொல்லும் பகுதிகளில் ஆமென் சொல்லும் இடங்களை மட்டும் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.